கோதாரி முதல் கொரோனா வரை: யாழ்ப்பாணத்துக் கர்ப்பவதியின் கதை

யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கில் ‘கோதாரி’ என்றொரு சொல் உண்டு. கோபம் கொண்ட கிழவிகள் வாயிலிருந்து ‘கோதாரியிலே போவான்’ என்று அது பாய்ந்து வருவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ரொறன்ரோவிலும் பாரிசிலும் பிறந்த பேரப்பிள்ளைகள்கூட அப்பம்மாவிடமிருந்து இதனைக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அது வெறும் வசைச்சொல். உண்மையில் அது ஒரு நோயின் பெயர். வாந்திபேதி என்றும் கொலரா என்றும் சொல்லப்பட்ட பெருங்கொள்ளைநோயைத்தான் நம் முன்னோர் கோதாரி என்றனர். நோய் போய்விட்டது, பயம் மட்டும் வசையாக மொழியில் தங்கிவிட்டது.

2020ஆம் ஆண்டின் கொரோனாவால் கர்ப்பிணிப் பெண்களின் ஸ்கான் பரிசோதனைகள் உலகெங்கும் தடைப்பட்டமை பற்றி அண்மையில் வாசித்துக்கொண்டிருந்தபோது இச்சொல் என் நினைவுக்கு வந்தது. ஏனெனில் கொள்ளைநோய் கர்ப்பவதியைத் தாக்கும் வழிகள் இரண்டு. நோய் அவள் உடலுக்குள் புகுவது ஒன்று. அவளைப் பார்க்க வேண்டியவர் வரமுடியாமற் போவதும், அவள் போகவேண்டிய இடத்துக்குப் போகமுடியாமற் போவதும் மற்றையது. முதலாவதைப் பத்திரிகைகள் எண்ணுகின்றன. இரண்டாவதை எவரும் எண்ணுவதில்லை. பல்லாண்டுகள் பத்திரிகைத் தொழிலிலே கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தொற்றியோர் இத்தனை பேர், இறந்தோர் இத்தனை பேர் என்று முதற்பக்கத்தில் பெட்டி கட்டிப் போடுவது எளிது. தவறிப்போன ஒரு பரிசோதனையைப் போடுவதற்கு எந்தப் பத்திரிகையிலும் பத்தி கிடையாது.

பழைய கதையிலிருந்து தொடங்குவோம்.

அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டு மானிப்பாயில் தம் வைத்தியப் பணியை நிலைப்படுத்தினார். மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கலாம் என்று நம்பியதோடு நில்லாமல் அதனைச் செய்தும் காட்டியவர் அவர். அவரிடம் பயின்று வைத்தியரானோர் அறுபதுக்கும் மேற்பட்டோர். அவர் வெளியிட்ட முதல் நூல்களுள் ஒன்று ‘பிரசவ வைத்தியம்’, ஆண்டு 1857. பெரிய சத்திரசிகிச்சை நூலான ‘இரண வைத்தியம்’ வெளிவருவதற்கு ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு முன்பே பிரசவ நூல் தமிழில் வந்துவிட்டது என்பது கவனிக்கத்தக்கது. ஊரின் தேவை எதுவென்று அவர் அறிந்திருந்தார் என்பதற்கு இதனைவிட வேறு சான்று வேண்டியதில்லை. உடற்சுகாதாரம் என்ற பொருளுக்கு அவருடைய நூல்கள் ‘உற்பாலனம்’ என்ற சொல்லைக் கையாண்டன. அழகான சொல். நாம் அதைக் கைவிட்டுவிட்டோம்.

நூல் வந்தது, ஆனால் வீட்டுக்குள்ளே நிகழ்ந்தது வேறு. அக்காலத்தில் பிள்ளைப்பேறு மருத்துவிச்சியின் கையில் இருந்தது. பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த பெண்களே அத்தொழிலைச் செய்தனர். தீட்டு, துடக்கு என்ற விதிகளுக்கெல்லாம் விலக்குப் பெற்று வீட்டின் உள்ளறைவரை செல்லும் உரிமை, பிள்ளை பிறக்கும் அந்த ஒரு வேளையில் மட்டும் அவளுக்கு வாய்த்தது. வலி கண்ட பெண்ணைப் பிடித்துக்கொள்ளும் என்று அஞ்சப்பட்ட கொத்திப் பேயை விரட்டுவதும் அவளுடைய பொறுப்பே. மிஷன் வைத்தியருக்கு அழைப்பு வருவது பெரும்பாலும் எல்லாம் கைமீறிய பின்னர்தான். வயிற்றைத் தொட்டுப் பார்த்துப் பிள்ளை கிடக்கும் நிலையைச் சொல்வதற்கு அந்த மருத்துவிச்சியின் விரல்களைத் தவிர வேறு கருவி ஊரில் இருக்கவில்லை.

1866-67இல் யாழ்ப்பாணத்தைக் கோதாரி சூறையாடியது. வட மாகாணத்தை ஏறத்தாழ நாற்பதாண்டுகள் தனியரசர் போல ஆண்ட ஏசண்டர் டைக் துரை கோப்பாயில் மறைந்ததும் 1867இலேதான். ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு நடந்து திரிபவள் மருத்துவிச்சி. நேற்று ஒரு செத்த வீட்டைக் கடந்து வந்தவளை இன்று எந்தப் படலை திறந்து வரவேற்கும்? அவளுக்கும் உயிர்ப்பயம் இருந்திருக்கும் அல்லவா? வாந்திபேதி கண்ட கர்ப்பவதியின் உடலில் நீர் வற்றும்போது கருப்பைக்குச் செல்லும் இரத்தமும் குறைந்து போகிறது. தாய் தப்பினாலும் கரு தப்புவது அரிது என்று இன்றைய மருத்துவம் சொல்கிறது. நோயே தொற்றாத கர்ப்பவதியின் நிலையும் அதற்கு இளைத்ததன்று. அவள் தனித்துக் கிடந்தாள். அவளை எந்த ஏசண்டரின் அறிக்கையும் தனியே எண்ணவில்லை. 1876-77இல் பஞ்சம் வந்து ஆறுமுக நாவலர் கஞ்சித்தொட்டி வைத்த காலத்திலும் நோய் பஞ்சத்தின் பின்னாலேயே வந்தது.

அடுத்த பெரும் அடி 1918இன் இன்புளுவென்சா. கோதாரி காலத்தில் இல்லாத இரண்டு புதிய வழிகள் இப்போது இருந்தன. யாழ்ப்பாணத்துக்கு 1905இல் கொழும்பு ரயில் வந்துவிட்டது. 1914இலிருந்து தலைமன்னாருக்கும் இந்தியக் கரைக்குமிடையே கப்பலோடு இணைந்த ரயில் சேவை. மனிதர் வந்த வழியே காய்ச்சலும் வந்தது. இலங்கை முழுவதிலும் அந்நோயால் ஏற்பட்ட மக்களிழப்பு ஏறத்தாழ 3 லட்சம் என்று பிற்கால ஆய்வொன்று மதிப்பிடுகிறது. அன்றைய சனத்தொகையில் நூற்றுக்கு ஆறுக்கு மேல். கர்ப்பவதிகளை அந்தக் காய்ச்சல் எப்படி வதைத்தது என்பதற்கு அமெரிக்காவில் 1919இல் வெளியான ஒரு கணக்கு உண்டு. காய்ச்சல் கண்ட 1,350 கர்ப்பவதிகளில் நூற்றுக்கு 27 பேர் மாண்டனர். நியூமோனியா சேர்ந்துகொண்டால் இருவரில் ஒருவர்.

அந்த வேளையில் இணுவிலிலே பெண்களுக்கென்று ஒரு வைத்தியசாலை இருபது ஆண்டுகளாக நடந்துகொண்டிருந்தது. லீச் சகோதரிகள் என அறியப்பட்ட மேரியும் மார்கரெட்டும் திரட்டிய பணத்தில் 1898இல் திறக்கப்பட்ட மக்லியொட் வைத்தியசாலை அது. டொக்டர் இசபெல்லா கேர் அங்கே நெடுங்காலம் பணியாற்றினார். ஆண் வைத்தியரிடம் போகமாட்டோம் என்றிருந்த யாழ்ப்பாணத்துப் பெண்கள் வண்டி கட்டிக்கொண்டு இணுவிலுக்குப் போகத் தொடங்கினார்கள். பிள்ளைப்பேற்றுக்கு வீட்டைவிட்டு வெளியே போகலாம் என்ற எண்ணம் நம்மவர் மனத்தில் வேர்விட்டதில் அந்த ஆஸ்பத்திரிக்குப் பெரும்பங்கு உண்டு.

பிறகு அரசு வந்தது. 1926இல் களுத்துறையில் இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு ஏற்பட்டது. அம்முறை படிப்படியாக நாடெங்கும் பரவி, ஒவ்வொரு ஊருக்கும் பயிற்சி பெற்ற மருத்துவ மாது ஒருவரைத் தந்தது. இன்று குடும்பநல உத்தியோகத்தர் என்பர். ஊரார் ‘மிஸ்’ என்றே அழைப்பர். 1930களில், மலேரியா கொள்ளைநோயும் சேர்ந்துகொண்ட காலத்தில், ஒரு லட்சம் பிரசவங்களுக்கு 2,000 தாய்மார்களுக்கு மேல் இறந்த நாடு இது. கொரோனாவுக்கு முந்திய ஆண்டுகளில் அது முப்பது சொச்சமாக இறங்கியிருந்தது. இந்தச் சாதனைக்கு மருத்துவர்களை நாம் போற்றுகிறோம், சரிதான். ஆயினும் சைக்கிளில் வந்து, வாசற்படியில் இருந்து, ‘பிள்ளை துடிக்குதோ?’ என்று கேட்டு ஏட்டில் குறித்துக்கொண்டு போன அந்தப் பெண்களைப் பற்றி நம் பத்திரிகைகள் எழுதியது மிகக் குறைவு. என் தொழிலைச் சேர்ந்தவர்கள்மீது எனக்குள்ள பழைய மனத்தாங்கல் இது.

இனி ஸ்கான். ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மகப்பேற்று மருத்துவப் பேராசிரியராக இருந்தவர் இயன் டொனால்ட். உலோகத்தில் உள்ள வெடிப்புகளைக் கண்டுபிடிக்கத் தொழிற்சாலைகள் பயன்படுத்திய செவியுணரா ஒலிக்கருவியை மனித வயிற்றின்மீது வைத்துப் பார்த்தார். அவரும் ஜோன் மக்விகார், ரொம் பிறவுன் ஆகியோரும் எழுதிய கட்டுரை 1958 யூனில் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. மருத்துவிச்சியின் விரல்கள் ஊகித்ததை இனிக் கண்ணால் காணலாம் என்றாயிற்று.

இந்தப் பரிசோதனையைப் பற்றி வாசகர்கள் ஒன்றைக் கருத்தில் கொள்ளவேண்டும். இதற்கு நாள் இருக்கிறது. மூன்றாம் மாத முடிவுக்குள் பார்த்தால்தான் கருவின் வயதைச் சரியாகக் கணிக்கலாம். கரு கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கியிருந்தால் அதற்கும் முன்னரே பார்த்தாக வேண்டும். குழாய் வெடித்தபின் ஸ்கானால் பயன் சிறிது. இரட்டைப் பிள்ளைகள் ஒரே நச்சுக்கொடியைப் பகிர்கின்றனவா என்பதும் தொடக்கத்திலேதான் தெளிவாகும். உறுப்புகள் யாவும் ஒழுங்காக உள்ளனவா என்று பார்ப்பது 18 முதல் 22 வாரங்களுக்குள். 24 வாரங்களுக்கு முன் ஒரு தடவையேனும் ஸ்கான் செய்தல் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2016ஆம் ஆண்டுப் பரிந்துரை. கண் பரிசோதனையை இரண்டு மாதம் பிற்போடலாம். பல்லுப் பிடுங்குவதைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பிற்போடலாம். இதனைப் பிற்போடமுடியாது. ஊரடங்கு ஆறு வாரம் நீடித்தால் அந்த ஆறு வாரத்துக்குள் நாள் விழுந்த பெண்ணுக்கு அது திரும்பி வாராது.

யாழ்ப்பாணத்தாருக்கு வீட்டுக்குள் அடைபடுதல் புதிதன்று என்று 2020இல் பலர் எழுதினார்கள். உண்மை. 1990 நடுப்பகுதியிலிருந்து ஆண்டுக்கணக்கில் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. எரிபொருளும் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருட்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட சனங்கள் நாம். டைனமோவில் ஸ்கான் இயந்திரம் ஓடாது. அந்த ஆண்டுகளில் கர்ப்பமாயிருந்த பெண்கள் தம் பாட்டிமார் போலவே கைவிரல்களின் ஊகத்தையும் மருத்துவ மாதின் ஒலிகேட்கும் குழலையும் நம்பிப் பிள்ளை பெற்றார்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி நடந்தபோது அந்தக் கூட்டத்தில் நிறைமாதப் பெண்களும் இருந்தார்கள். பாதை அடைபட்டால் முதலில் யார் அவதிப்படுவர் என்பது அறிந்த சமூகம் இது.

ஆயினும் 2020இல் நேர்ந்தது வேறுவகைப்பட்டது. போர்க்காலத்தில் இயந்திரம் இல்லை, மின்சாரம் இல்லை. இப்போது இயந்திரம் இருந்தது, மின்சாரம் இருந்தது, மருத்துவரும் இருந்தார். போக மட்டும் வழியில்லை, போனாலோ பயம்.

மார்ச் 15இல் அரியாலையில் நடந்த ஓர் ஆராதனையில் சுவிற்சர்லாந்திலிருந்து வந்த மதபோதகர் ஒருவர் கலந்துகொண்டார். அவருக்குத் தொற்று இருந்தமை பின்னர் தெரியவந்தது. 20ஆம் திகதி மாலை நாடளாவிய ஊரடங்கு தொடங்கியது. சில நாட்களில் யாழ்ப்பாணமும் அதிக ஆபத்துள்ள மாவட்டங்களின் பட்டியலில் சேர்ந்தது. வாரக்கணக்கில் தெருக்கள் வெறிச்சோடின. மருத்துவத் தேவைக்குச் செல்வோர்க்குத் தடையில்லைதான். ஆனால் பஸ் இல்லை, ஓட்டோ இல்லை, வழியெங்கும் சோதனைச் சாவடி. பெரியாஸ்பத்திரிதான் கொரோனா நோயாளர் கொண்டுசெல்லப்படும் இடம் என்ற செய்தி பரவியபின், வயிற்றில் பிள்ளையோடு அங்கே போக எந்தப் பெண்ணுக்குத் துணிவு வரும்? அப்படியே அவள் துணிந்தாலும் மாமியார் விடுவாரா?

குடாநாட்டில் பல கர்ப்பவதிகள் அரச கிளினிக்குக்குப் போவதோடு மாலையில் தனியார் மருத்துவமனையில் விசேட வைத்தியரைச் ‘சனல்’ பண்ணி ஸ்கான் பார்ப்பது வழக்கம். ஊரடங்கு மாலைச் சனல்களை முடக்கியது. தீவகத்தின் நிலை இன்னும் கடினம். நெடுந்தீவுப் பெண் எக்காலத்திலும் குறிகட்டுவானுக்குக் கடல்தாண்டி வந்து, அங்கிருந்து பஸ் பிடித்துத்தான் ஒரு ஸ்கானைப் பார்க்கலாம். படகும் பஸ்ஸும் சுருங்கிய காலத்தில் அந்தப் பயணம் என்னவாகும் என்பதைத் தீவாருக்கு விளக்கவேண்டியதில்லை.

அந்த வாரங்களில் தொடர்பு முற்றாக அறுந்துபோகாமல் காத்தது கைத்தொலைபேசியும் பழைய மருத்துவ மாது முறையுமே. தம் பிரிவில் எந்த வீட்டில் எத்தனையாம் மாதத்தில் யார் இருக்கிறார் என்ற விவரம் குடும்பநல உத்தியோகத்தரின் ஏட்டில் இருந்தது. பெயர் இருந்தபடியால் அழைக்க முடிந்தது. இதனை நான் பெரிதுபடுத்துவதாகச் சிலர் நினைக்கலாம். நேபாளத்தைப் பாருங்கள். அங்கே ஒன்பது ஆஸ்பத்திரிகளில் எடுத்த கணக்கின்படி, முடக்க காலத்தில் ஆஸ்பத்திரிப் பிரசவங்கள் பாதியாகக் குறைந்தன. செத்துப் பிறந்த பிள்ளைகள் ஆயிரத்துக்கு 14 என்றிருந்தது 21 ஆயிற்று. இலங்கையில் பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் என்ற வழக்கம் அசையவில்லை. எனினும் பிரசவத்துக்கு வந்து சேர்வது வேறு, அதற்கு முன் உரிய வாரத்தில் பார்க்கப்படுவது வேறு.

பாக்கு நீரிணையின் மறுகரையில் இதே ஸ்கானுக்கு இன்னொரு சிக்கல் இருந்தது. தமிழ்நாட்டில் எந்த ஸ்கான் நிலையத்துக்குப் போனாலும் ‘பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்று இங்கு சொல்லப்படமாட்டாது’ என்ற பலகையைக் காணலாம். பெண்சிசுவைக் கருவிலேயே அழிப்பதைத் தடுக்க 1994இல் இயற்றப்பட்ட சட்டத்தின் விளைவு அது. 2020 ஏப்ரில் 4இல் இந்திய அரசு, பெருந்தொற்றைக் காரணங்காட்டி, ஸ்கான் நிலையங்கள் மாதந்தோறும் அறிக்கை அனுப்புவது உள்ளிட்ட சில விதிகளை யூன் 30 வரை நிறுத்திவைத்தது. தடை நீங்கவில்லை, நாளாந்தப் பதிவும் தொடரவேண்டும் என்று அரசு விளக்கமளித்தது. பெண்கள் அமைப்புகள் ஏற்கவில்லை. விவகாரம் உச்ச நீதிமன்றம்வரை சென்றது. பெண்கள் அமைப்புகளின் பக்கமே நியாயம் இருந்ததென்பது என் கருத்து. கண்காணிப்பு இல்லாத மூன்று மாதம் என்பது ஒரு கருவின் ஆயுளில் நெடுங்காலம்.

புலம்பெயர்ந்தோர் கதையும் இதனுள் அடங்கும். மகளின் பிள்ளைப்பேறு பார்க்க லண்டனுக்கும் கனடாவுக்கும் போய்வருவது யாழ்ப்பாணத்துத் தாய்மாரின் வழக்கம். சரக்குத் தூளும் பத்தியக் கறிக்கு வேண்டியவையும் பெட்டிக்குள் போகும். 2019 ஒக்டோபரில் பலாலியில் சர்வதேச விமான நிலையம் திறந்து சென்னைக்குப் பறக்கலாம் என்று மகிழ்ந்து ஐந்து மாதத்தில் எல்லாம் நின்றது; பலாலியின் சேவை மீண்டது 2022 டிசம்பரில். தாய் போகவில்லை. கணவனோ ஸ்கான் அறைக்குள் அனுமதிக்கப்படவில்லை. பிரித்தானியாவின் பல ஆஸ்பத்திரிகளில் மனைவி தனியே உள்ளே செல்ல, அவன் கார் தரிப்பிடத்தில் காத்திருந்தான். கெட்ட செய்தியையும் அவள் தனியேதான் கேட்டாள். நம்மவர் நிறைந்து வாழும் ரூட்டிங் பகுதியிலுள்ள சென் ஜோர்ஜ் ஆஸ்பத்திரியில் செத்துப் பிறந்த பிள்ளைகளின் தொகை 2020இன் முதல் அலையில் ஆயிரத்துக்கு 2 சொச்சத்திலிருந்து 9க்கு மேல் உயர்ந்ததாக ஓர் ஆய்வு வெளிவந்து கலக்கத்தை உண்டாக்கியது. இங்கிலாந்து முழுவதற்கும் எடுத்த பிந்திய கணக்கில் அந்த உயர்வு தென்படவில்லை. முதல் செய்தி பெரிய எழுத்தில் வந்தது. இரண்டாவது சிறிய எழுத்தில். அது எங்கள் தொழிலின் சுபாவம்.

17 நாடுகளின் 40 ஆய்வுகளைத் திரட்டி 2021இல் வெளியான தொகுப்பு ஒன்று, தாய் இறப்பும் பிள்ளை செத்துப் பிறத்தலும் உலகளாவிய ரீதியில் கூடின என்றும், வறிய நாடுகளிலேயே பாதிப்பு அதிகம் என்றும் சொன்னது. குழாயில் தங்கிய கருவுக்காகச் சத்திரசிகிச்சை செய்ய நேர்ந்தமை ஏறத்தாழ ஆறு மடங்காக உயர்ந்ததாம். காரணத்தை ஊகிக்கப் பெரிய மருத்துவ அறிவு வேண்டாம். ஆறாம் ஏழாம் வாரத்தில் வயிற்றுக்குத்தோடு வந்து ஸ்கான் பார்த்திருக்க வேண்டியவர்கள், ‘பொறுத்துப் பார்ப்போம்’ என்று வீட்டில் இருந்துவிட்டார்கள்.

இலங்கையில் நோயே நேராகக் கர்ப்பவதிகளைக் கொன்றது 2021இல். தொற்றால் முதலாவது கர்ப்பவதி மரணம் மே மாதத்தில் பதிவாகியது. யூனில் கர்ப்பவதிகளுக்குத் தடுப்பூசி தொடங்கியது. செப்டெம்பர் அளவில் நாற்பதுக்கு மேற்பட்ட தாய்மார்களை நாடு இழந்திருந்தது. கருத்தரிப்பதை ஓராண்டு பிற்போடுங்கள் என்று சுகாதாரத் துறையினர் பகிரங்கமாக வேண்டிக்கொண்டனர். 1918இன் பாடம் நூறாண்டின் பின் மீண்டும் படிக்கப்பட்டது.

பெருந்தொற்று அடங்கிய கையோடு 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. இம்முறை தெரு திறந்திருந்தது, பெட்ரோல் இல்லை. குடும்பநல உத்தியோகத்தரும் எரிபொருள் வரிசையில் நின்றார். கர்ப்பவதியைக் கிளினிக்குக்கு ஏற்றிச் செல்லவேண்டிய கணவனும் அதே வரிசையில் நின்றான். கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்தது வாரத்துக்கு 4 லீற்றர். மருதங்கேணியிலிருந்து யாழ்ப்பாண நகருக்கு வந்து திரும்ப அதில் எவ்வளவு செலவாகும் என்று வடமராட்சி கிழக்கார் கணக்குப் பார்த்திருப்பர்.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் அலமாரிகளில் கர்ப்பவதிகள் பதிவேடுகள் இருக்கின்றன. எத்தனையாம் வாரத்தில் ஒரு பெண் பதியப்பட்டாள், எந்தத் திகதிகளில் பார்க்கப்பட்டாள் என்பது குடும்பநல உத்தியோகத்தரின் கையெழுத்தில் அங்கே உண்டு. டைக் துரை காலத்துக் கோதாரிக்கு அப்படியொரு ஏடு எழுதப்படவில்லை. 2020 மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் இடைப்பட்ட பக்கங்களை நெடுந்தீவு முதல் மருதங்கேணி வரை எடுத்துவைத்து ஒப்பிட்டுப் பார்க்க யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீட மாணவர் ஒருவர் முன்வரவேண்டும். கறையான் அரிக்கும் முன் அது நடக்கவேண்டும்.